நிறம் திரும்பும்வரை

நோயாளிக்கு வெறும் வாயுத்தொல்லை என்று, தன்னிடமே டாக்டராக இருந்த மருமகன் சொன்னபோதே, பெரிய டாக்டருக்கு அவன்மேல் இருந்த கொஞ்சநஞ்ச மதிப்பும் போயிற்று. வயிறு மெத்தென்று இருக்க, நோயாளி மட்டும் உயிர்போகக் கத்தினால், குடலுக்கு ரத்தம் போகவில்லை என்று அர்த்தம். வயிற்றைத் திறந்தார்கள். ரத்தக்குழாயின் அடைப்பை எடுத்த பிறகும் ஒரு முழ நீளத்துக்குக் குடல் கறுத்தே கிடந்தது.

"சூடான துணி போட்டு, நிறம் திரும்புதான்னு கொஞ்சம் பாக்கலாமா மாமா?"

"செத்ததுக்குப் போர்வை எதுக்கு மாப்பிள்ளை? உங்கள மாதிரி அதுவும் சும்மாதான் கிடக்கும்."

வெட்டித் தட்டில் போட்டார். மீதியை இணைத்துத் தைத்தார். மருமகன் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். எரிச்சலோடு அவரும் திரும்பினார். வெட்டிய குடல் நன்றாகச் சிவந்து, நிதானமாக நெளிந்துகொண்டிருந்தது. வயிற்றுக்குள், அவர் தைத்த இடத்திலிருந்து இருபுறமும் கருமை பரவிக்கொண்டிருந்தது.