தொண்ணூற்றைந்து சதவீதம்

வேன் கிளம்ப இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.

"ஐம்பத்திரண்டு," என்றான் அண்ணன் லிசாந்த்ரோ, சாறு நிரம்பிய கண்ணாடிக் குழாயை ஜன்னலுக்கு நேரே பிடித்து.

வியாழக்கிழமை காலைகளில் நானும் அண்ணனும் சமையலறையில் பீர் காய்ச்சுவோம். முளைகட்டிக் காயவைத்த பார்லியை நிறுத்து அரைப்பது நான். அதை வெந்நீரில் ஊறவைத்து வடித்த சாற்றில், சர்க்கரைச் செறிவைக் காட்டும் ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு எண்ணைப் படிப்பது அவன். பன்னிரண்டு மணிக்கு அவன் பள்ளி வேனை எடுக்க வேண்டும். பதினான்கு பிள்ளைகள். ஏரியை ஒட்டி வளைந்து வளைந்து போகும் மலைச்சாலை.

கணக்கு எளிது. பார்லியில் இருக்கும் சர்க்கரை நூறு என்றால், அதில் எவ்வளவு சாற்றில் இறங்கியது என்று பார்க்க வேண்டும். எங்கள் பாத்திரத்துக்கு எழுபத்தாறு. இந்த வருடம் ஒரு தடவைகூட அது மாறவில்லை.

எங்கள் ஊர் பரிலோச்சேயில் வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களின் சங்கத்தில் நான் வாய் திறந்து சொன்ன ஒரே பெருமை அதுதான்.

அவன் படித்த ஐம்பத்திரண்டை ஐந்து கிலோவுக்குப் போட்டுப் பார்த்தேன். இன்றும் எழுபத்தாறு.

அடுப்பைக் கூட்டக் குனிந்தபோதுதான் எரிவாயு உருளைக்குப் பின்னால் அந்தப் பையைப் பார்த்தேன்.

ஒரு கிலோ பார்லி.

எங்கள் தராசு நாலு கிலோவுக்கு மேல் தாங்காது. அதனால் ஐந்து கிலோவை, நாலு, ஒன்று என்று இரண்டு தடவையாக நிறுப்பேன். இன்று அந்த ஒன்றை அரைக்கவே மறந்திருக்கிறேன்.

நாலு கிலோ என்று மாற்றிப் போட்டுப் பார்த்தேன்.

தொண்ணூற்றைந்து.

எங்கள் ஓட்டைப் பாத்திரத்தில் தொண்ணூற்றைந்து வரவே வராது. மறுபடி போட்டேன். தொண்ணூற்றைந்து. குச்சியை இறக்கி அளந்தேன். இருபத்திரண்டு லிட்டர், சரி. படிக்கும் முன் சாற்றை ஆறவைத்திருந்தோம், அதுவும் சரி. உட்கார்ந்தேன். எழுந்தேன். பையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தேன்.

"என்ன கணக்குப் புலி, பேனாவையே தின்னுடுவ போலிருக்கே," என்று லிசாந்த்ரோ மாத்தே தேநீர்க் குடுவையை நீட்டினான். அது என் கைக்கு நாலு விரல் தள்ளி நின்றது. எட்டி வாங்கிக்கொண்டேன். "இன்னிக்கு முன் சீட்டு பெனிசியோவுக்கு. நேத்து அதுக்கு ஒரே அடிதடி."

முன் சீட்டு விளையாட்டு அவன் கண்டுபிடித்தது. அதில் உட்காரும் பிள்ளை வழியில் வருவதையெல்லாம் கத்திச் சொல்ல வேண்டும். நாய். லாரி. சிவப்பு விளக்கு. பிள்ளைகளுக்கு அதில் உயிர்.

ஹைட்ரோமீட்டர்தான் கெட்டிருக்க வேண்டும் என்று நினைத்தேன். சந்தேகம் வந்தால் வெறும் தண்ணீரில் விட்டுப் பார்க்கச் சொல்வார்கள் சங்கத்தில். தண்ணீரில் பூச்சியம் காட்ட வேண்டும்.

குழாயைக் கழுவித் தண்ணீர் பிடித்து மிதக்கவிட்டேன்.

பூச்சியம் காட்டியது. மயிரிழை பிசகவில்லை.

சாற்றின் அளவு சரி, சூடு சரி, கருவி சரி. கணக்கில் சரிபார்க்காத இடம் ஒன்றுதான் மீதி இருந்தது.

கதவருகே போனேன். ஆணியில் தொங்கிய வேன் சாவியைச் சத்தமில்லாமல் எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டேன். திரும்பி வந்து மற்றொரு கையால் குழாயை அவனிடம் கொடுத்தேன்.

"அண்ணா, இதை இன்னொரு தடவை படியேன்."

"உனக்கு என்னிக்குத்தான் என்மேல நம்பிக்கை வரப்போகுது?"

சிரித்துக்கொண்டே ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தான். கொஞ்ச நாளாகச் செய்வதுபோல் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தான். குழாய்க்குள் தண்ணீர் பளிச்சென்று நின்றது. அதன் வழியே எனக்கு ஏரி தெரிந்தது, எதிர்க்கரைப் பனியும் தெரிந்தது.

"அதேதான். ஐம்பத்திரண்டு."

குழாயை மேசையில் வைத்துவிட்டு அவன் கதவுக்குப் போனான். சுவரைத் தடவி ஆணியைக் கண்டுபிடித்தான். விரல்கள் அதைச் சுற்றிச் சுற்றி வந்தன.

"சாவி எங்கடி?"

"அது வெறும் தண்ணிண்ணா."

விரல்கள் ஆணியிலேயே நின்றுவிட்டன.

அடுப்பில் சாறு பொங்கி வழிந்தது. தீயில் பட்டுச் சர்க்கரை கருகும் வாசனை எழுந்தது. இரண்டு பேருமே நகரவில்லை.

"கண்ணு தெரியலை," என்றான் லிசாந்த்ரோ, சுவரைப் பார்த்தபடி. "பள்ளிக்கூடம் திறந்ததுலேர்ந்து."