இரண்டுக்கு மேல் கொள்ளாது

இன்று மத்தியானத்துக்கு மேல் சர்க்கரை ஆலைக்குள் ஒரு கட்டுக் கரும்புகூட நுழையாது என்றார் அவர்.

காரணம், தான் இங்கே உட்கார்ந்திருப்பது.

பந்தலில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். துக்கம் விசாரிக்க வந்த இடத்தில் சிரிக்கவும் முடியாது. பக்கத்து நாற்காலிக்காரர் அவர் கையைப் பிடித்துக் காபி டம்ளரைத் திணித்தார்.

குடித்தார். சூடா, ஆறியதா என்று தெரியவில்லை.

உள்ளே, கண்ணாடி மூடிய ஐஸ் பெட்டிக்குள் அவர் மனைவி அஞ்சலாட்சி. பெட்டியின் மோட்டார் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. ஆலையில் அவர் வேலை பார்க்கும் சர்வர் அறையிலும் இதே சத்தம்தான்.

அதனாலோ என்னவோ, அழுகை வரவில்லை. வேலைக்கு வந்த மாதிரியே இருந்தது.

பெட்டியின் தலைமாட்டில் அவள் தம்பி கலியபெருமாள் நின்றான். அவர் சொன்னது அவனுக்கும் கேட்டது. திரும்பவில்லை. இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டுத் தோல் தடித்துப்போனவன்.

கதை இதுதான்.

ஆலையின் எடைமேடை ஒரு கிழட்டு சர்வரில் ஓடியது. கரும்பு வண்டி ஏற ஏற, எடை போடும் புரோகிராம் மெமரியைத் தின்றுகொண்டே போகும். தின்றதைத் திருப்பித் தராது. இரண்டு ஜிபி ஆனதும் பொத்தென்று விழும். அந்தக் காலத்துச் சர்வரின் சட்டம் அப்படி. பெட்டி எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஒரு புரோகிராமுக்கு இரண்டுக்கு மேல் கிடையாது.

மேனேஜரிடம் சொன்னார். மேனேஜர் கல்யாணத்துக்கு லட்டு வாங்குகிற மாதிரி பதினாறு ஜிபி வாங்கி அடைத்தார். ஆயுத பூஜைக்கு அந்தச் சர்வருக்குக் கோயில் யானையே திணறிப்போகும் அளவில் மாலை சாத்தினார்கள்.

பதினாறும் சும்மா கிடந்தது. அண்டா நிறையச் சோறு. இலைதான் உள்ளங்கை அகலம்.

அவர் மல்லுக்கு நிற்கவில்லை. தினமும் மத்தியானத்துக்கு முன்னால், இரண்டை எட்டப்போகிற சமயம் பார்த்து, ஒரு வண்டி இறங்கி அடுத்த வண்டி ஏறுவதற்குள் புரோகிராமை மூடித் திறந்தார். அவ்வளவுதான் வைத்தியம். ஒரு கொட்டாவி விடுகிற நேரம்.

அது விழவே இல்லை.

மெமரி வாங்கிப் போட்டதால்தான் விழவில்லை என்று ஆலையே நம்பியது.

மூடித் திறக்கும் வேலையை அவர் யாரிடமும் விட்டதில்லை. அதனால் அரவைக் காலத்தில் முற்பகலில் அவர் எங்கும் போனதில்லை. மாமனார் சாவுக்கு, பிணம் சுடுகாடு போய்ச் சேர்ந்த பிறகு போனார். கலியபெருமாள் கல்யாணத்துக்குப் போனபோது பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். தாலி கட்டும்போது அஞ்சலாட்சி மேடையில் தனியாக நின்றிருந்தாள். போட்டோவிலும் அப்படியே நிற்கிறாள்.

அன்றைக்கே, மாலையும் கழுத்துமாக, கலியபெருமாள் கேட்டான்.

"நீங்க பக்கத்துல இல்லன்னா பொட்டி மூச்ச உட்ருமா மாமா?"

விட்டுவிடும் என்றார்.

அதற்குப் பிறகுதான், ஆலைப் பக்கம் அவருக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறது என்ற பேச்சு கிளம்பியது. அதை அக்காவிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவனும் அவன்தான்.

அஞ்சலாட்சி புருஷனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலையில் அவருடைய டிபன் டப்பாவை மட்டும் கொஞ்சம் அழுத்தி மூட ஆரம்பித்தாள்.

தன்னை நம்பினாளா, தம்பியை நம்பினாளா, அவருக்குத் தெரியாது.

நேற்று சாயங்காலம் வாசல் பெருக்கக் குனிந்தவள் நிமிரவில்லை.

கைபேசி மடியில் கிடந்தது. ஆலையில் யாரையாவது கூப்பிட்டு, மூடித் திற என்று சொல்லிவிடலாம். அதற்கு விரலைத் தூக்க வேண்டும்.

விரல் யாருடையதோ மாதிரி இருந்தது.

வெயில் பந்தலின் இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு நகர்ந்தது. மகள் ஓசூரிலிருந்து வந்துகொண்டிருந்தாள்.

கைபேசி அதிர்ந்தது. மேனேஜர்.

அடங்கியது. மறுபடியும் அதிர்ந்தது. மடியிலிருந்து குதித்து ஊரைவிட்டே ஓடிவிடும் போல அதிர்ந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு முன்னால் ஓடுவது ஆலைக்குப் போகும் சாலை. காலையிலிருந்து கரும்பு டிராக்டர்கள் கடந்துகொண்டே இருந்தன. இப்போது தூரத்து வளைவில் ஒன்று நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்குப் பின்னால் ஒரு லாரி. ஊர்க் கரும்பெல்லாம், பக்கத்து மாவட்டத்துக் கரும்பெல்லாம், இன்னும் முளைக்காத கரும்புகூடக் கிளம்பி வந்துவிட்ட மாதிரி வரிசை பின்னால் பின்னால் நீண்டது.

ஒரு டிராக்டர் பந்தலுக்கு நேரே வந்து நின்றது. கரும்புத் தோகை சாமியானாவை உரசியது.

ஓட்டுநர் சாவு வீட்டைப் பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்துக்கொண்டு இறங்கி வந்தார். கலியபெருமாள் வாசலுக்குப் போனான். வேண்டுமென்று இங்கே நிறுத்தவில்லை என்றார் ஓட்டுநர். எடைமேடையில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டதாம். அதைப் பார்க்கிறவர் இன்றைக்கு வரவில்லையாம். அவர் வந்தால்தான் வண்டி நகருமாம்.

கலியபெருமாள் சாலையில் இறங்கி, நின்ற வண்டிகளை ஒட்டியே நடந்தான். வளைவு வரை போனான். அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தவன் வெகுநேரம் அங்கேயே நின்றான்.

திரும்பி வந்தான். அவரைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். தாண்டினான். முகத்தைப் பார்க்கவில்லை.

பெட்டியைச் சுற்றி அழுதுகொண்டிருந்த பெண்களைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னான். முழங்கால் போட்டான். கண்ணாடியோடு வாயை ஒட்டிவைத்துக்கொண்டான். பந்தல் வரை கேட்டது.

"அக்கா, மாமா சொன்னது நெசந்தான்க்கா. ரோட்டுக்கு வந்து பாரு."