பை தொங்காத கார்

ஞாயிற்றுக்கிழமை காபி ஆறுவதற்குள் தவமணி கார் கொட்டகைக்கு வந்துவிட்டாள். வெட்டிவேரும் மரிக்கொழுந்தும் வைத்து அவள் தைத்த துணிப்பை அலமாரியிலும் செருப்பு அடுக்கிலும் மகள் காரிலும் தொங்கும். இறந்துபோன மகன் எழிலனின் காரில் மட்டும் வைக்கவில்லை. கண்ணாடி ஏற்றியே கிடந்த அதற்குள் அவன் வியர்வையும், மென்ற கிராம்பும் இன்னும் மணத்தன. சாயங்காலங்களில் உள்ளே உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்வாள்.

இப்போது நான்கு கதவுகளும் திறந்திருந்தன. கழுவிய இருக்கைகளிலிருந்து நீர் சொட்டியது. முன்கண்ணாடியருகே அவள் தைத்த பையொன்று ஆடியது. மாப்பிள்ளை தாமோதரன் கையைத் துடைத்தபடி சிரித்தார்.

“எல்லாத்துக்கும் தைச்சீங்க, இதை மறந்துட்டீங்களே அத்தை. ஒரே புழுங்கின நாத்தம். இப்ப உக்காந்து பாருங்க, எப்படி கமகமன்னு இருக்கு!”