குலுக்கும் பெல்ட்

"நீங்க வாங்கின, இடுப்பக் குலுக்குற அந்த பெல்ட் மெஷின் நெசமாவே எளைக்க வைக்குதாக்கா?" பென்னாகரத்துக் குல்ஷன் பக்கத்து வீட்டு ஷகிலாவிடம் கேட்டாள். "தம்பி நிக்காவுக்குள்ள நான் எளைக்கலேன்னா கூட வரமாட்டேங்கறாரு எங்க வூட்டுக்காரரு. அவரு தொப்பையில கைலியே நிக்கல!"

"ரெண்டே மாசத்துல சட்டையெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு. டெய்லர்கிட்ட குடுத்துப் புடிச்சுத் தச்சோம்."

குல்ஷன் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். இடுப்பு அப்படியேதான் இருந்தது.

"யாரு சட்டைக்கா?"

"எங்க வூட்டுக்காரரு சட்டைதான். அது கரண்டு மெஷினாம். வாங்கின பெங்களூர் கடையில கரண்டு இருந்துச்சு. நம்ம தெருவுல இன்னும் கம்பமே நடலியே! நான் பெல்ட்டுக்குள்ள நிப்பேன். அவருதான் ரெண்டு முனையையும் புடிச்சு மாத்தி மாத்தி இழுப்பாரு."

குல்ஷன் வீட்டுக்கு ஓடினாள். கணவர் அப்துல் கனி கைலியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்க சொன்னது சரிதாங்க. நான் எளைக்கணும். உடனே அந்த மெஷினை வாங்கிட்டு வாங்க!"