சுவரேறும் விரல்கள்

"இன்னாப்பா, நேத்து வுட்ட இடத்துலயே நிக்குது விரலு? தூக்கு, இன்னும் கொஞ்சம்."

"நானாம்மா மாட்டேங்கறேன்? கைதான் மாட்டேங்குது" என்றார் லாரன்ஸ்.

எலவனாசூர்கோட்டை வீட்டின் கூடத்தில், சுவருக்குப் பக்கவாட்டில் நின்றுகொண்டிருந்தார். இடது கை விரல்கள் சுவரில் தோள் உயரத்தில் இருந்தன. அவர் மனைவி ரெஜினா நாற்காலியில் உட்கார்ந்து, அவருக்கு நேராகப் போனைப் பிடித்திருந்தாள். போனில் மகள் மெர்லின். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் பிசியோதெரபி படிக்கிறாள். அங்கே மதியச் சாப்பாட்டு நேரம். இங்கே வெயில் இறங்கிவிட்டது.

"சிலந்தி சுவர்ல ஏறும் பாரு, அந்த மாதிரி. ஒவ்வொரு விரலா. தோளக் காதுகிட்ட தூக்காத. அது ஏமாத்து வேலை."

"ஏமாத்தாம இருப்பாரா" என்றாள் ரெஜினா. "கறிக்கொழம்புன்னா அந்தக் கை தானா சட்டிகிட்ட போவும்."

"நீ சும்மா இரு மே. வலி எனக்குத்தான் தெரியும்."

கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒருநாள் மெர்லின் போனில் அழுதாள். பயிற்சிக்குப் போகும் ஆஸ்பத்திரியில் நோயாளிகள் அவளுக்கு முகம் கொடுப்பதில்லை. இந்தப் பெண் அவசரப்படுத்துகிறாள், வேறு ஆளை அனுப்புங்கள் என்கிறார்கள். "எனக்கு இந்தப் படிப்பு வராதும்மா. வூட்டுக்கே வந்துடறேன்" என்றாள்.

மறுநாள் லாரன்ஸ் போன் செய்தார். கரும்பு லோடு ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்ததைச் சொன்னார். இடது தோள் இறுகிக் கை எழும்பவில்லை என்றார். மெர்லின் பதறினாள். "நீ வந்து இன்னா பண்ணுவ? அங்கியே இரு. கத்துக்கினு எனக்குச் சொல்லு. நான் பண்றேன்" என்றார்.

மெர்லின் அங்கேயே இருந்தாள். ஆனால் ஒன்றை மட்டும் சொல்லிவைத்தாள். "பெத்த அப்பன் கையையே என்னால தூக்க வெக்க முடியலன்னா, அடுத்த வருஷத்துக்குப் பேர் குடுக்க மாட்டேன். டிக்கெட் போட்டுடுவேன்."

பேர் கொடுக்க இந்த வெள்ளிக்கிழமை கடைசி. இன்று புதன்.

"வலி இப்ப எங்க இருக்குதுப்பா?"

லாரன்ஸ் சுவரிலிருந்து கண்ணை எடுத்தார். போனுக்கு மேலே எங்கோ பார்த்து யோசித்தார்.

"தோள்ல இல்ல. கொஞ்சம் கீழ, மேங்கையில சுண்டுது."

"சுண்டுதுன்னா நிறுத்து. மூச்ச மெதுவா வுடு. அவசரமே இல்ல."

"அவசரமே இல்லன்னு நீ சொல்றியா!" என்றாள் ரெஜினா. "இட்லி வேவறதுக்குள்ள நாலு வாட்டி மூடியத் தொறந்து பாக்கற பொண்ணு."

"எல்லாம் இவரால வந்த பொறுமைம்மா. இங்க ஒரு வயசான வெள்ளக்காரம்மா, யாரு கூப்புட்டாலும் எழுந்திருக்காது. நேத்து இன்னா சொல்லுச்சு தெரியுமா? 'அந்த இந்தியாப் பொண்ணு வரட்டும், நடக்கறேன்'னு சொல்லுச்சாம்."

"நெசமாவா?"

"சத்தியமா. அப்பா, பேச்சுல வுட்டுட்டியே! ஏத்து விரல."

விரல்கள் நகர்ந்தன. கன்னத்தைத் தாண்டின. நெற்றி உயரத்தில் நின்றுவிட்டன. வெளியே உளுந்தூர்பேட்டை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"வலிக்கறதுக்குக் கொஞ்சம் முன்னாடி நில்லு. நின்னியா? இப்ப ஒரு விரல் மட்டும்."

ஒரு விரல் ஏறியது. அதன் பின்னால் இன்னொன்று. தலைக்கு மேலே காலண்டர் மாட்டும் ஆணியைப் போய்த் தொட்டன.

"ஆணி! அப்பா, ஆணியத் தொட்டுட்ட!" மெர்லின் கத்தினாள். பக்கத்தில் யாரோ என்னவென்று கேட்டார்கள் போல. "மை டாட், மை டாட்" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு அழுதாள். "என்னால முடியும்பா. இன்னிக்கே பேர் குடுத்துடறேன்."

"முடியும்னு அப்பவே சொன்னனே. போ, போய்த் துன்னு. கிளாசுக்கு நேரமாவுது."

ரெஜினா போனை அணைத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"இறக்கட்டா மாமா?" என்றது அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

எதிர்ச் சுவரோரம், இடது கையைத் தலைக்கு மேலே ஊன்றி, வலது கையால் அதன் மேற்பகுதியைப் பிடித்தபடி நின்றிருந்தான் பக்கத்து வீட்டு இருசப்பன். கரும்பு லாரியிலிருந்து விழுந்தவன் அவன்தான்.

"மெதுவா இறக்குடா. நீ எவ்ளோ தூக்கறியோ அவ்ளோதான் தூக்கணும்னு நின்னு நின்னு, நல்லா இருந்த என் கை கடுத்துப்போச்சு" என்று லாரன்ஸ் கையை உதறினார்.

"என் கைன்னே சொல்லியிருக்கலாமே மாமா?"

"உன் கைன்னா, நல்ல டாக்டராப் பாருங்கன்னு சொல்லிட்டுப் பொண்ணு பிளேன் ஏறியிருக்கும்டா. அப்பன் கைன்னதாலதான் நின்னுது."