பதில் குரல்

சனிக்கிழமை காலை வீரப்பன் தலை வாரி, தேய்த்த சட்டை போட்டுக்கொண்டு மடிக்கணினி முன் உட்கார்ந்தார். மனச்சோர்வுக்கான சிகிச்சை திரை வழியாகத்தான் நடக்கிறது.

"தூக்கம் எப்படி, அங்கிள்?" கோலாலம்பூரிலிருந்து ஆலோசகர் நளினி கேட்டாள்.

"நல்ல தூக்கம்மா."

"சாப்பாடு?"

"ஒரு கொறையும் இல்லலா."

"முன்ன ரொம்பப் பிடிச்சது ஏதாச்சும்?"

வீரப்பனின் முகம் மலர்ந்தது. "ரப்பர் பால் ஏத்துற லோரி! பெம்பான் தோட்டத்துல இருந்தப்ப, ஓடிப்போய் அதுல ஏறி ஹாரன் அடிச்சாத்தான் சோறே எறங்கும்." சொல்லும்போதே ரப்பர் மரங்களுக்கிடையே தேய்ந்து போகும் அந்தச் சத்தம் அவர் காதில் கேட்டது.

நளினி சிரிக்கவில்லை. "மூணு வாரமா நீங்களேதான் பேசுறீங்க, அங்கிள். வாணி எங்க? அவங்க பேசலன்னா இந்தச் சிகிச்சை இடத்த வேற ஒருத்தருக்குக் கொடுத்துடுவாங்க."

வீரப்பன் திரும்பிப் பார்த்தார். கட்டிலில் மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் போர்வைக்குள் கிடந்தாள்.

"தோட்டத்துல காலையில பெரட்டுல நிக்க வச்சுப் பேரு கூப்பிடுவாங்கம்மா. எந்திரிக்க முடியாதவங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரங்க 'வந்தாச்சு'ன்னு கொரல் குடுப்போம். பேர வெட்ட மாட்டாங்க. எம்மக பேரையும் வெட்டிடாதீங்கம்மா."

போர்வை விலகியது.

"அப்பா சொல்றதெல்லாம் பொய்க்கா," என்றபடி வாணி எழுந்து வந்தாள். "நான் தூங்கி ரொம்ப நாளாச்சு."

நாற்காலியை அவளுக்கு விட்டு எழுந்த வீரப்பனுக்கு, பொய் பிடிபட்டதில் அவ்வளவு சந்தோஷம்.