பனிக்குள் போன சூரியன்

லூர்தம்மாள் புருஷனோடு பேச்சை நிறுத்தி ஒன்பது நாள் ஆகிவிட்டது. தேயிலைத் தோட்டமே அந்த மௌனத்தைப் பற்றித்தான் ஓயாமல் பேசியது.

உபதேசியார் கிரகரி அடுப்படி வாசலில் நின்று தொண்டையைச் செருமினார்.

"சூரியன் மறையுறதுக்குள்ள கோபம் தணியணும்னு வேதத்துல இருக்கு, லூர்து."

"இந்த மலையில சூரியனைப் பார்த்தே எத்தனை நாளாச்சு! உதிச்சாத்தானே மறையுறதுக்கு, உபதேசியாரே?"

"பனிக்குப் பின்னால அது இருக்குலா. கடவுளோட இரக்கமும் அப்படித்தான்."

"என் கோபமும் அங்கேயே இருந்துட்டுப் போகட்டும்."

"ஞாயித்துக்கிழமை பூசைக்குத் தாப்பா டவுனுலேருந்து பங்குச் சாமியார் வாராரு. அவரு காதுக்கு எட்டினா உன் புருஷன் வேலையே போயிடும். இரக்கம் காட்டு."

"கோயில்ல அத்தனை பேர் முன்னாலயும் என் வாயை நரகத்து அடுப்புன்னு சொன்னப்ப, அந்த மனுஷனுக்கு இரக்கம் எங்க போச்சு?"

"அது சும்மா ஒரு உதாரணத்துக்கு..." உபதேசியார் அசடு வழிந்தார். "இப்ப மட்டும் என்கூடப் பேசிக்கிட்டுத்தானே இருக்க?"

"உபதேசியார் வேதம் சொன்னாரு, பதில் சொன்னேன். புருஷன் வந்து மன்னிப்புக் கேட்டாத்தான் அவருகூடப் பேச்சு."

உபதேசியார் வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"மன்னிச்சிடு லூர்து. உன் புருஷன்தான் கேக்குறேன்."